பழைய ஜீப்பைத் தினசரி வண்டியாக்கலாமா? வாசகர் கேள்வி பதில்

வால்பாறைப் பக்கம் பள்ளி ஆசிரியராக இருக்கிறேன். போய்வர தினமும் 36 கி.மீ. அதில் 5 கி.மீ. கல் ரோடு, மழைக்காலத்தில் சேறு. கையில் 4 லட்சம் இருக்கிறது. மாருதி ஜிப்ஸி, மஹிந்திரா எம்.எம்.540, பழைய மஹிந்திரா தார் இவற்றில் எதை வாங்கலாம்?
– வாசகர், வால்பாறை

ஜிப்ஸி. அதிலும் 2000 வாக்கில் வந்த எம்.பி.எஃப்.ஐ. (கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் வழியாகப் பெட்ரோல் செலுத்தும்) இன்ஜின் ஜிப்ஸி கிங்.

1985 டிசம்பரில் அறிமுகமான முதல் ஜிப்ஸிக்கு 970 சிசி கார்புரேட்டர் இன்ஜின், நான்கு கியர், 45 குதிரைத்திறன். மலையில் ஆள் ஏற்றிக்கொண்டு போனால் இரண்டாவது கியரிலேயே ஊர் சுற்ற வேண்டியிருக்கும். 1996-இல் வந்த கிங்குக்கு 1298 சிசி, ஐந்து கியர், 60 குதிரைத்திறன். அதே அளவு இன்ஜின் 16 வால்வோடு எம்.பி.எஃப்.ஐ. ஆனபோது 80 ஆயிற்று. குளிர்காலக் காலையில் சோக்கை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டாம். வண்டியின் எடை ஒரு டன்னை ஒட்டித்தான் இருக்கும். சேற்றில் இந்தக் குறைந்த எடைதான் கைகொடுக்கும். குதிரைத்திறன் அதற்கு அப்புறம்தான்.

எம்.எம்.540 உழைப்பாளி. 2112 சிசி பெஜோ டீசல், நான்கு கியர், கனமான சேசிஸ். ஆனால் 60 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் பக்கத்தில் இருப்பவரிடம் கத்தித்தான் பேச வேண்டும். பழைய வண்டிகளில் பெரும்பாலும் நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக்தான். ஆற்றில் இறங்கி ஏறினால் லைனிங் நனைந்து, முதல் சில மிதிகளுக்குப் பிரேக் பிடிக்காது. காலையில் ஹீட்டர் பிளக் சூடாகும்வரை காத்திருக்க வேண்டும். தோட்டத்துக்குப் போய்வர அருமையான வண்டி. மணி அடிப்பதற்குள் பள்ளியில் இருக்க வேண்டியவருக்கு இது வேண்டாம்.

2010-இல் வந்த தார் சி.ஆர்.டி.இ. (காமன் ரெயில் டீசல், 2498 சிசி, 105 குதிரைத்திறன்) மூன்றிலும் வசதியானது. பவர் ஸ்டீயரிங் உண்டு, இழுவையும் போதும். ஆனால் 4 லட்சத்துக்குள் நல்லது கிடைப்பது கடினம். கிடைத்தால், அந்த விலைக்கு ஏன் கிடைக்கிறது என்று பார்க்க வேண்டியிருக்கும்.

மாதக் கணக்கையும் பாருங்கள். மலையில் ஜிப்ஸி லிட்டருக்கு 9–10 கி.மீ. கொடுக்கும். 36 கி.மீ.க்குச் சுமார் 3.6 லிட்டர் பெட்ரோல். 25 நாளைக்கு ஏறக்குறைய 9,000 ரூபாய். தார் 12 கொடுத்தால் 7,000 ரூபாய்க்குள் முடியும். ஆனால் கட்டாயத் தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் 1500 சிசிக்கு மேற்பட்ட கார்களுக்கு ஆண்டுக்கு 7,897 ரூபாய், 1000 முதல் 1500 சிசி வரை 3,416 ரூபாய் (இரண்டுக்கும் ஜி.எஸ்.டி. தனி). டீசல் வண்டியில் ஒரு இன்ஜெக்டர் வேலை வந்தால் மிச்சம் பிடித்த பல மாதக் காசு அதிலேயே போய்விடும்.

குறைகளையும் தெரிந்தே வாங்குங்கள். ஜிப்ஸிக்குப் பவர் ஸ்டீயரிங் இல்லை, ஏர்பேக் இல்லை, ஏ.பி.எஸ். இல்லை. நான்கு பக்கமும் பட்டை ஸ்பிரிங். ஆள் இல்லாமல் போனால் குதிக்கும். பின்னால் பக்கவாட்டில் பார்த்து உட்காரும் சீட்டில் குழந்தைகளை ஏற்றிச் செல்வது நல்லதல்ல.

இன்னொன்று. அந்த 5 கி.மீ. வெறும் கல் ரோடாக இருந்து, சேறும் ஆண்டுக்குப் பத்துப் பதினைந்து நாள்தான் என்றால், நல்ல டயர் போட்ட டூ வீல் டிரைவ் பொலிரோவே போதும். ஃபோர் வீல் வேண்டும் என்ற ஆசை வேறு, தேவை வேறு.

ஜிப்ஸி பார்க்கப் போகிறேன். மெக்கானிக்கைக் கூட அழைத்துப் போக முடியாத நிலை. நானே என்ன பார்க்கலாம்?
– வாசகர், திண்டுக்கல்

கொண்டு போக வேண்டியவை: டார்ச், துணி சுற்றிய சிறு காந்தம், பிளாஸ்டிக் பிடி போட்ட ஸ்க்ரூ டிரைவர், தரையில் விரிக்க ஒரு சாக்கு, ஜாக்கி. போவதற்கு முன் உரிமையாளரிடம், "நான் வந்த பிறகுதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும்" என்று சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் காலை ஸ்டார்ட்டிங் கோளாறை மறைக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம்.

இன்ஜினை விட்டுவிட்டு முதலில் சேசிஸுக்குக் கீழே படுங்கள். இன்ஜின் தேய்ந்தால் போரிங் செய்யலாம், கியர் பாக்ஸ் போனால் வேறு மாட்டலாம். சேசிஸ் துருப்பிடித்தால் வெல்டிங்குக்கு மேல் வெல்டிங்தான். ஜிப்ஸி சேசிஸ் உள்ளே கூடான பெட்டி அமைப்பு. சேறும் தண்ணீரும் உள்ளே போய்த் தங்கி, துரு உள்ளிருந்து வெளியே வரும். பின்பக்கப் பட்டை மாட்டும் பிராக்கெட், ஷாக் அப்சார்பர் மவுண்ட், பின் பம்பருக்கு முந்தைய குறுக்குச் சட்டம் ஆகிய இடங்களில் ஸ்க்ரூ டிரைவர் பிடியால் தட்டுங்கள். கணீரென்று ஒலித்தால் நல்லது. மொத்தையான சத்தம் வந்தால் தகடு மெலிந்திருக்கிறது. அடியில் புத்தம் புதிதாகக் கறுப்புக் கோட்டிங் அடித்திருந்தால் மகிழ வேண்டாம். அதற்கடியில் என்ன இருக்கிறது என்று காட்டாமல் இருக்கத்தான் பல சமயம் அது அடிக்கப்படுகிறது.

பாடியில் துரு எட்டிப் பார்க்கும் இடங்கள்: டிரைவர் காலடித் தகடு, பின்சக்கர வளைவின் உள்பக்கம், முன்கண்ணாடி ஃப்ரேமின் கீழ்விளிம்பு, பாடி மவுண்ட் ரப்பரைச் சுற்றியுள்ள தகடு. காந்தம் ஒட்டாத இடத்தில் பட்டி பூசியிருக்கிறார்கள். கடலோர ஊர் வண்டியென்றால் இரண்டு மடங்கு கவனம் வேண்டும். மீன் பெட்டி ஏற்றிய வண்டியைத் தொடவே வேண்டாம், உப்புத் தண்ணீர் மடிப்புக்குள் எல்லாம் இறங்கியிருக்கும்.

அடுத்து முன் ஆக்சில். சக்கரத்தின் உள்பக்கம் உருண்டையாக இருக்கும் நக்கிளைப் பாருங்கள். லேசான கிரீஸ் பூச்சு இயல்பு. கிரீஸ் கரைந்து எண்ணெயாக ஒழுகினால் உள் ஆயில் சீல் போய், டிஃபரன்ஷியல் (இரண்டு பக்கச் சக்கரங்களுக்கும் சக்தியைப் பிரிக்கும் பகுதி) ஆயில் நக்கிளுக்குள் வருகிறது. சீல் மலிவு, ஆனால் முன்பக்கத்தை முழுவதும் கழற்ற வேண்டும். அதே நேரத்தில் கிங்பின் பேரிங்கும் (நக்கிள் திரும்ப உதவும் பேரிங்) மாற்றிவிடுவதுதான் புத்திசாலித்தனம் என்பதால், விலை பேசும்போது இந்த வேலை மொத்தத்தையும் கழித்துப் பேசுங்கள்.

ஜிப்ஸியில் டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் ஆக்சில்களுக்குச் சக்தியைப் பிரிக்கும் பெட்டி) கியர் பாக்ஸோடு ஒட்டி இல்லை, தனியாகத் தொங்குகிறது. அதனால் சக்தியைக் கடத்தும் மூன்று புரொபெல்லர் ஷாஃப்ட், அவற்றின் முனைகளில் ஆறு கிராஸ் ஜாயின்ட். ஒவ்வொன்றையும் கையால் முறுக்கிப் பாருங்கள், கிராஸில் ஆட்டம் இருக்கக் கூடாது. டிரான்ஸ்ஃபர் கேஸைத் தாங்கும் மூன்று ரப்பர் மவுண்ட்டில் ஒன்று கிழிந்தாலும் 40–50 கி.மீ. வேகத்தில் உடம்பெல்லாம் அதிரும். இறக்கத்தில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் லீவர் தானாக நழுவும். இதைக் கியர் பாக்ஸ் கோளாறு என்று சொல்லிப் பெரிய பில் போட்டவர்கள் உண்டு.

இன்ஜினுக்குக் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் உருவாகும் அழுத்தம்) பார்த்தால் போதும். பட்டறையில் ஒரு கேஜ் இருக்கும். 1298 சிசி இன்ஜினில் நல்ல நிலையில் 199 பி.எஸ்.ஐ. வரும், 170-க்குக் கீழே போகக் கூடாது. நான்கு சிலிண்டருக்குள் வித்தியாசம் 14 பி.எஸ்.ஐ.யைத் தாண்டினால் வால்வோ ரிங்கோ வேலை கேட்கிறது. சூடான பின் ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டு மறுபடி மிதிக்கும்போது மட்டும் நீலப்புகை வந்தால் பெரும்பாலும் வால்வு சீல். இழுவையில் தொடர்ந்து வந்தால் ரிங்.

கடைசியாக ஃபோர் வீல். இதை மண் தரையில் மட்டுமே சோதியுங்கள். முன்சக்கரத்தில் ஹப் லாக் (சக்கரத்தை ஆக்சிலோடு இணைக்கும் பூட்டு) இருந்தால் அதைப் பூட்டி, 4ஹெச்-இல் (ஃபோர் வீல், சாதாரண வேகம்) மெதுவாக நகர்த்திப் பார்த்து, நின்ற பிறகு 4எல்-இல் (ஃபோர் வீல், குறைந்த வேகம், அதிக இழுவை) போட்டு ஒரு மேட்டில் ஏற்றுங்கள். "ஃபோர் வீல் எல்லாம் ஓகே சார், ரொம்ப நாளா யூஸ் பண்ணலை" என்றால், பண்ணிக் காட்டச் சொல்லுங்கள்.

டெல்லி நம்பர் தார், 2014 மாடல், இங்குள்ள விலையைவிட ஒன்றரை லட்சம் குறைவாகச் சொல்கிறார்கள். வாங்கலாமா?
– வாசகர், கோவை

குறைந்த விலைக்குக் காரணம் வெளிப்படையானது. டெல்லி வட்டாரத்தில் 10 ஆண்டு கடந்த டீசல் வண்டியும் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டியும் ஓடக் கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் 2014, 2015-இல் ஆணையிட்டது. 2018-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது, 2025-இல் ஓரளவு தளர்த்தியது. அப்படி வயதான வண்டிகள் தெற்கே வருகின்றன. வண்டி நல்லதாகவே இருக்கலாம். சிக்கல் காகிதத்தில்தான்.

முன்பணம் கொடுப்பதற்கு முன் மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் பதிவு எண்ணைப் போட்டு நிலையைப் பாருங்கள். பதிவு நீக்கம் ஆகியிருந்தால் விலகிவிடுங்கள். கடன் பதிவு இன்னும் இருந்தால் வங்கியின் கடிதமும் படிவம் 35-உம் வேண்டும். டெல்லி அலுவலகத்தின் என்.ஓ.சி. (தடையின்மைச் சான்று, படிவம் 28) அசலாகக் கைக்கு வர வேண்டும், அதில் உங்கள் ஊர் ஆர்.டி.ஓ. அலுவலகத்தின் பெயர் இருக்க வேண்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. தமிழ்நாட்டு எண்ணுக்குப் படிவம் 27. இங்கே ஆயுள் வரி மறுபடி கட்ட வேண்டும். அசல் இன்வாய்ஸ் நகல் இருந்தால் அந்தக் கணக்கு சண்டையில்லாமல் முடியும். வரி, லாரியில் ஏற்றி வரும் செலவு, ஏஜென்ட் கூலி எல்லாம் கூட்டினால் ஒன்றரை லட்சத்தில் எவ்வளவு மிஞ்சும் என்று உட்கார்ந்து எழுதிப் பாருங்கள். பலருக்குப் பெரிதாக மிஞ்சுவதில்லை.

சேசிஸ் எண் பொறித்த இடத்தின் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்து ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். ஆர்.டி.ஓ. ஆபீஸிலும் இதைத்தான் செய்வார்கள். அந்த இடத்தைச் சுற்றி வெல்டிங் தழும்பு இருந்தால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். நிறம், சீட் எண்ணிக்கை, எரிபொருள் வகை எல்லாம் ஆர்.சி.யில் உள்ளபடி இருக்க வேண்டும்.

வண்டியைப் பொறுத்தவரை, தாரின் முன்பக்கம் டார்ஷன் பார் (ஸ்பிரிங்காக வேலை செய்யும் முறுக்குக் கம்பி). உயரமாகத் தெரிவதற்காக அதை முறுக்கி ஏற்றியிருந்தால் ஆக்சில் ஷாஃப்ட்டின் கோணம் கூடி ரப்பர் பூட் கிழியும், பால் ஜாயின்ட் சீக்கிரம் தேயும். முன் ஹப் வேக்குவத்தில் பூட்டுகிறது. குழாய் வெடித்திருந்தால் 4ஹெச் போட்டாலும் முன்பக்கப் புரொபெல்லர் மட்டும் சுற்றும், சக்கரத்துக்குச் சக்தி போகாது. சேற்றில் இறங்கிச் சோதித்தால்தான் இது தெரியும். டிஃபரன்ஷியல் ஆயில் பால்போல் வெளுத்திருந்தாலோ, சீட் தண்டவாளத்துக்குள் காய்ந்த சேறு இருந்தாலோ வண்டி தண்ணீரில் மூழ்கியிருக்கிறது.

என் ஜிப்ஸி 60 கி.மீ. வேகத்தில் ஒரு பள்ளத்தில் இறங்கினால் ஸ்டீயரிங் பயங்கரமாக உதறுகிறது. பிரேக் போட்டு நிறுத்தினால்தான் அடங்கும். இரண்டு முறை அலைன்மென்ட் பார்த்தாகிவிட்டது. புது ஸ்டீயரிங் டேம்பர் (ஸ்டீயரிங் அதிர்வை அடக்கும் ஷாக் அப்சார்பர்) போடச் சொல்கிறார்கள்.
– வாசகி, ஏற்காடு

டேம்பரை இப்போது வாங்காதீர்கள். அது உதறலை மறைக்கும், காரணம் அப்படியே இருக்கும். அதுவும் ஆறு மாதத்தில் போய்விடும்.

கீழ்க்கண்ட வரிசையில் பாருங்கள், வரிசை முக்கியம். முதலில் முன் டயர்களைப் பின்னுக்கும் பின் டயர்களை முன்னுக்கும் மாற்றி ஓட்டுங்கள். உதறல் குறைந்தால் டயர் அல்லது பேலன்ஸ். குறையவில்லையென்றால் முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் இன்னொருவரைப் பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் வீல் பேரிங். நிற்காவிட்டால் கிங்பின் பேரிங். உங்கள் வண்டியில் கிங்பின் மீதுதான் என் சந்தேகம், ஏனென்றால் பள்ளத்தில் இறங்கும்போது தொடங்கி, நிற்கும்வரை அடங்காத உதறல் அதற்கே உரியது. பேரிங் புதிதாகப் போட்டால் மட்டும் போதாது. ஷிம் (மெல்லிய இடைத்தகடு) வைத்துச் சரியான இறுக்கம் கொடுக்க வேண்டும். நக்கிளைக் கையால் திருப்பும்போது லேசான எதிர்ப்பு இருக்க வேண்டும், தானாக விழக் கூடாது.

அதன் பிறகு ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பிகள்: டை ராட் எண்ட், டிராக் லிங்க். இன்ஜினை அணைத்துவிட்டு ஒருவர் ஸ்டீயரிங்கை இப்படியும் அப்படியும் அசைக்க, நீங்கள் ஜாயின்ட்டில் கை வைத்துப் பாருங்கள். பிறகு பட்டையின் புஷ், யு-போல்ட் இறுக்கம். எல்லாம் சரியான பிறகுதான் டோ-இன் (முன்சக்கரங்களின் முன்விளிம்புகள் உள்நோக்கிச் சாயும் அளவு): 2 முதல் 6 மி.மீ.க்குள்.

முந்தைய உரிமையாளர் முன்பக்கத்துக்கு நீள ஷாக்கிள் (பட்டையைச் சேசிஸோடு இணைக்கும் துண்டு) போட்டு உயர்த்தியிருக்கிறாரா என்றும் பாருங்கள். ஜிப்ஸியில் ஷாக்கிள் பட்டையின் முன்முனையில் இருக்கிறது. அதை நீட்டினால் ஆக்சில் சாய்ந்து காஸ்டர் கோணம் (சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வு) குறையும், சக்கரம் நேராகத் திரும்பிவரும் குணத்தை இழக்கும். அப்படியிருந்தால் பழைய அளவு ஷாக்கிளைத் திரும்ப மாட்டுவதே முதல் வேலை.

ஜிப்ஸிக்கு 31 இன்ச் டயர், லிஃப்ட் கிட், இரும்பு பம்பர் போடலாமா? தினமும் ஓட்டும் வண்டிதான்.
– வாசகர், மதுரை

தினமும் ஓட்டும் வண்டி என்பதால்தான் வேண்டாம் என்கிறேன். கிங்கின் 205/70 ஆர்15 டயரின் விட்டம் 668 மி.மீ. 31 இன்ச் என்பது 787. ஏறக்குறைய 18 சதவீதம் பெரிது. ஸ்பீடோமீட்டர் 50 காட்டும்போது நீங்கள் 59-இல் போய்க்கொண்டிருப்பீர்கள். பிக்கப் சாகும், கிளட்ச் பிளேட் தேயும், பிரேக் தூரம் கூடும், பவர் ஸ்டீயரிங் இல்லாத வண்டியை மதுரை டிராஃபிக்கில் திருப்பத் தோள் வலிக்கும். 215/75 ஆர்15 போட்டால் 5 சதவீதம்தான் கூடும், எதையும் வெட்ட வேண்டாம்.

சட்டமும் உங்கள் பக்கம் இல்லை. தயாரிப்பாளர் கொடுத்த விவரக்குறிப்பிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது. இரும்பு பம்பர் கூடாது என்று 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதியது. டீசல் இன்ஜின் மாற்றிய ஜிப்ஸி நிறைய ஓடுகிறது. ஆர்.சி.யில் பெட்ரோல் என்றே இருந்தால், விபத்து நடந்தபின் இன்சூரன்ஸ் கம்பெனி கேட்கும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

15 ஆண்டு முடிந்த ஜிப்ஸிக்கு ஆர்.சி. புதுப்பிக்க எவ்வளவு ஆகும்? அரசு ஏலத்தில் வரும் ஜிப்ஸி பரவாயில்லையா?
– வாசகர், தேனி

புதுப்பித்தல் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் காருக்கு 5,000 ரூபாய். 20 ஆண்டு தாண்டிய வண்டிக்கு 2025-இல் 10,000 ஆக்கினார்கள். பசுமை வரி தனி. புதுப்பித்தால் ஐந்து ஆண்டு செல்லும். படிவம் 25-ஐக் காலாவதிக்கு முந்தைய 60 நாளுக்குள் கொடுக்கலாம். எஃப்.சி.க்கு (தகுதிச் சான்றுக்கு) வண்டியைக் காட்டும்போது விளக்கு, வைப்பர், ஹார்ன், ஹேண்ட் பிரேக் எல்லாம் வேலை செய்ய வேண்டும். ஜிப்ஸியில் ஹேண்ட் பிரேக் கேபிள் துருப்பிடித்து இறுகிப்போயிருப்பது சகஜம், முன்னாடியே பார்த்துவிடுங்கள்.

அரசுத் துறை வண்டிகள் 15 ஆண்டு முடிந்தால் 2023 ஏப்ரல் 1 முதல் புதுப்பிக்கப்படுவதில்லை, உடைப்புக்குத்தான் போக வேண்டும். ஆகவே "வனத்துறை ஏல வண்டி, பேப்பர் பிறகு ரெடி ஆகும்" என்று யாராவது சொன்னால் அது உதிரிபாகமாக மட்டுமே பயன்படும் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

பழைய கார்புரேட்டர் ஜிப்ஸிக்கு இப்போதைய எத்தனால் பெட்ரோல் ஒத்துக்கொள்ளுமா?
– வாசகர், நாகர்கோவில்

ஓடும். ஆனால் பழைய ரப்பர் தாங்காது. பெட்ரோல் ஹோஸ் முழுவதையும் எத்தனால் தாங்கும் ரகமாக மாற்றுங்கள். பெட்ரோல் பம்பின் டயாஃப்ரம், கார்புரேட்டர் கிட் இரண்டையும் மாற்றுங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும் என்பதால் வாரக்கணக்கில் நிறுத்திவைப்பதானால் 40 லிட்டர் டேங்கை நிரப்பியே வையுங்கள். முதல் ஆயிரம் கி.மீ.க்குள் டேங்கின் பழைய துருவும் படிவும் பெயர்ந்து ஃபில்டரை அடைக்கும். உபரி ஃபில்டர் இரண்டு டேஷ் போர்டில் இருக்கட்டும். மைலேஜ் கொஞ்சம் குறையத்தான் செய்யும்.

தார் ரோட்டில் மழை பெய்தால் 4ஹெச் போட்டு ஓட்டலாமா?
– வாசகி, உதகமண்டலம்

கூடாது. இந்த வண்டிகளில் நடுவில் டிஃபரன்ஷியல் இல்லை. வளைவில் முன்சக்கரமும் பின்சக்கரமும் வெவ்வேறு தூரம் ஓடும். மண்ணில் டயர் வழுக்கி அதைச் சரிசெய்துகொள்ளும், தார் ரோட்டில் அது முடியாமல் முறுக்கு ஏறும். லீவர் வராமல் மாட்டிக்கொண்டால் சுத்தியலால் அடிக்காதீர்கள். நேராகப் பத்துப் பதினைந்து அடி ரிவர்ஸ் எடுத்தால் பெரும்பாலும் விட்டுவிடும்.

வாங்கிய முதல் வாரத்தில் ஜிப்ஸியில் எதையெல்லாம் கட்டாயம் மாற்ற வேண்டும்?
– வாசகர், தென்காசி

கையில் உள்ள பணத்தில் ஐந்தில் ஒரு பங்கை இதற்கென்று ஒதுக்கிவிட்டுத்தான் வண்டி விலையே பேச வேண்டும். ரசீது காட்ட முடியாத எதையும் மாற்றவில்லை என்றே எண்ணுங்கள். டைமிங் பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப், கிராங்க் சீல், கேம் சீல் எல்லாம் ஒரே முறையில். தனித்தனியாகச் செய்தால் கூலி இரண்டு மடங்கு. ரேடியேட்டர் ஹோஸ், தெர்மோஸ்டாட், கூலன்ட். பிரேக் ஃப்ளூயிட் முழுவதும், பிரேக் ரப்பர் ஹோஸும், நான்கு சக்கரத்துச் சிலிண்டர் கிட்டும்.

ஆயில் அளவு சுமாராக: இன்ஜினுக்கு 3.5 லிட்டர், கியர் பாக்ஸுக்கு 1.3, டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு 0.8, முன் டிஃபரன்ஷியலுக்கு 2, பின்னுக்கு 1.5. டிரான்ஸ்ஃபர் கேஸைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். தனியாக இருப்பதால் கியர் பாக்ஸ் ஆயில் அதற்குப் போகாது. ஒவ்வொன்றிலும் ஆயில் நிரப்பும் போல்ட்டை முதலில் கழற்றுங்கள். பல ஆண்டு தொடாத வண்டியில் அது இறுகியிருக்கும். அது கழன்ற பிறகுதான் வடிக்கும் போல்ட்டில் ஸ்பானரை வைக்க வேண்டும். இல்லாவிட்டால் இருந்த ஆயிலை வடித்துவிட்டு, புது ஆயிலை ஊற்ற வழியில்லாமல் வண்டி அங்கேயே நிற்கும்.